தெரிந்திருந்தது, கேட்கவில்லை

அன்புள்ள ஐயா,

நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். ஊர் சந்திவெளி. உங்கள் கம்பஸ் காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் போன மாதம் வாசித்தேன். மண்முனையில் ஆற்றைக் கடந்து வந்தது, லாம்பு வெளிச்சத்தில் நோட்ஸ் எழுதியது, சித்தாண்டித் திருவிழாவுக்குப் போனது எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடப்பதுபோல இருந்தது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

என் அம்மம்மாவின் தம்பி, 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி கம்பஸ் அகதி முகாமில் இருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேரில் ஒருவர். அப்போது அவருக்கு 19 வயது. எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். அம்மம்மா மட்டும் "அங்கயா கிடைச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். இன்றுவரை வளாகத்துக்குள் ஒரு முறையும் வந்ததில்லை.

நீங்கள் 1993இல் அங்கே சேர்ந்திருக்கிறீர்கள். அது நடந்து மூன்று வருடமும் ஆகவில்லை. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. உங்களுக்குத் தெரியாதா? தெரிந்திருந்தால் அதே மண்டபங்களில் இருந்து எப்படிப் படித்தீர்கள், எப்படிச் சிரித்தீர்கள்?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஒன்றுகூடல்களுக்கு வரும் பழைய மாணவர்கள் "எங்கட காலம் மாதிரி வருமா" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். உண்மையிலேயே அது அவ்வளவு நல்ல காலமா? கோபத்தில் கேட்கவில்லை. அறிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ச., சந்திவெளி

*

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. இரண்டு தரம் பதில் எழுதி இரண்டையும் அழித்துவிட்டேன். இரண்டிலும் காலத்தைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பிக்கப் பார்த்திருந்தேன். இது மூன்றாவது.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியும். வந்த முதல் கிழமையிலேயே தெரியும்.

நான் தங்கியிருந்த போடிங் வந்தாறுமூலையில், பிரதான வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே. வீட்டுக்கார ஆச்சி தனியாக இருந்தார். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், எந்த மண்டபத்தில் வகுப்பு என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன். "அதுக்குள்ளதான் மனே நாங்க கிடந்த. மூலையில எங்கட பாய்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, சோற்றைப் போட்டார். மறுநாள் அந்த மண்டபத்துக்குள் போனபோது என் கண் தானாகவே மூலைக்குப் போனது. அங்கே உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

வளவுக்குள் மரங்களுக்குக் கீழே அங்கங்கே மூன்று மூன்றாகக் கற்கள் கிடந்தன. ஒரு பக்கம் கரி பிடித்த கற்கள். நான் படுவான்கரைப் பொடியன், வயலுக்குள் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன். அது அடுப்பு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் கரி முழுக்கப் போயிருக்கவில்லை. நாங்கள் அவற்றின் மேல் இருந்து பிளேன்ரீ குடித்தோம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு நகரில் இருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில் இருக்கிறது வந்தாறுமூலை. அங்கே மத்திய மகா வித்தியாலயம் இருந்த வளவில் 1981 ஆகஸ்டில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. நான்கு வருடத்தில், 1990 யூனில், மறுபடியும் யுத்தம். வகுப்புகள் நின்றன. சுற்றுவட்டார ஊர்ச் சனங்கள் பெட்டி படுக்கையோடும் கோழி ஆட்டோடும் வளாகத்துக்குள் வந்தார்கள். ஏறத்தாழ 45,000 பேர் என்கிறது பதிவு. விட்டுப் போகாமல் நின்ற சில விரிவுரையாளர்கள் அந்த முகாமைப் பொறுப்பெடுத்து நடத்தினார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் உள்ளே வந்து ஆண்களை வயதுப்படி வரிசையாக்கியது. முகமூடி போட்டவர்களுக்கு முன்னால் அவர்கள் நடத்தப்பட்டார்கள். அவர்களில் 158 பேரைக் கொண்டுபோனார்கள். அதே மாதம் 23ஆம் திகதி இன்னும் 16 பேர். ஒருவரும் திரும்பவில்லை. முகாமை நடத்தியவர்கள் பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு முன்னால் போய் நடந்ததைச் சொன்னார்கள். அந்த நாட்களில் அப்படிச் சாட்சி சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று உங்கள் வயதுக்காரருக்கு விளங்கவைப்பது கடினம். பல்கலைக்கழகம் என்ற சொல்லுக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன் என்றால் அது முதலில் அவர்களுக்காகத்தான்.

ஊரில் இதற்கு ஒரு சொல் இருந்தது. "கொண்டுபோன ஆக்கள்." செத்தவர்கள் என்று யாரும் சொல்வதில்லை, காணாமல் போனவர்கள் என்பது பிறகு பத்திரிகையில் இருந்து வந்த சொல். "அவ கொண்டுபோன பொடியன்ட தாய்" என்று ஆச்சி சொல்வார். நீங்களும் கடிதத்தில் "கொண்டுபோகப்பட்ட" என்றே எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் தாண்டியும் வீட்டில் அந்தச் சொல் மாறவில்லை என்று அதைக் கண்டதும் விளங்கிக்கொண்டேன்.

சரி, தெரிந்தும் ஏன் கேட்கவில்லை?

என் பயணத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மகிழடித்தீவுக்குப் பக்கத்தில். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போய் வரும்போது கொக்கட்டிச்சோலைப் பக்கத்தால் மண்முனைத் துறைக்கு வந்து பாதையில் ஏற வேண்டும். (பாலத்தை 2014இல்தான் திறந்தார்கள். அதுவரை சனத்தையும் சைக்கிளையும் ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர்.) இந்தக் கரையில் ஒரு விசாரிப்பு, அந்தக் கரையில் ஒரு சோதனை. கேள்வி ஒன்றேதான், கேட்கும் ஆள்தான் வேறு. எங்கே போகிறாய், ஏன் போகிறாய். அப்புறம் ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பாலம், டவுன். அங்கிருந்து வாழைச்சேனை பஸ்ஸில் ஏறாவூர், செங்கலடி தாண்டி வந்தாறுமூலை. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர். முழுத் தூரமும் இரண்டு மணித்தியாலப் பயணம்கூட இல்லை. சில நாட்களில் எனக்குக் காலையில் தொடங்கிப் பின்னேரம் ஆகும்.

அந்த வழியில் திகதி இல்லாத ஊர் கிடையாது. 1991 யூன் 12ஆம் திகதி கண்ணிவெடி ஒன்று வெடித்த பிறகு மகிழடித்தீவில் சனங்கள் கொல்லப்பட்டார்கள். அரசாங்கம் வைத்த விசாரணைக்குழு 67 பேர் என்றது. எங்கள் ஊர்க் கணக்கு அதன் இரு மடங்குக்கும் மேல். காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எட்டு ஒன்பது நாளில் ஏறாவூர் முஸ்லிம் கிராமங்களில் அதேபோல. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் இராணுவம் தமிழ்ச் சனங்களைக் கொன்றது. இந்த வழியால் வந்து வகுப்பில் இருக்கும் நூறு பேரிடம் தனித்தனியாக ஒரு திகதி இருந்தது. உன்னுடையதை நான் கேட்டால் என்னுடையதை நீ கேட்பாய். அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. யாரும் வந்து போட்ட சட்டம் கிடையாது. முதலாம் வருடத்திலேயே எல்லோருக்கும் அது பழகிவிட்டிருந்தது.

இன்னொரு காரணம் பச்சையான பயம். யார் யாருக்குச் சொல்வார்கள் என்று தெரியாது. ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கம், மறுபக்கம் கேட்டால் இந்தப் பக்கம். கடிதத்தில்கூட ஊர்ப்புதினம் எழுத மாட்டோம். "எல்லோரும் சுகம், மழை பெய்தது" என்பதோடு முடிப்போம்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் பட்ச்சில் ஒரு பொடியன், விலங்கியல் செய்முறையில் எனக்குப் பக்கத்து வாங்கு. வெட்டுவதில் கெட்டிக்காரன், நரம்பு அறுபடாமல் தோலை மட்டும் உரித்து எடுப்பான். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் இல்லை. வரவு கூப்பிடும்போது ஆசிரியர் அவன் பெயரைக் கூப்பிட்டு ஒரு நிமிசம் நிற்பார். நாங்கள் மேசையைப் பார்ப்போம். மூன்று கிழமை இப்படிப் போனது. நாலாம் கிழமை அவன் பெயரைக் கூப்பிடாமல் அடுத்த பெயருக்குப் போனார். அவர் குரல் அந்த இடத்தில் தடுக்கியதை நான் கேட்டேன். எல்லோரும் கேட்டார்கள். வகுப்பு முடிந்து வெளியில் வந்து பரீட்சை எப்போது என்று கதைத்துக்கொண்டு போனோம். அவன் இயக்கத்துக்குப் போனானா, வெளிநாட்டுக்குப் போனானா, யாரும் கொண்டுபோனார்களா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் வீடு எங்கே என்பது தெரியும். பஸ்ஸில் போனால் முக்கால் மணித்தியாலம். நான் போகவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட சிரிப்புக்கு வருகிறேன். சிரித்தோம் மகள். நடிப்பு இல்லாமல் நன்றாகவே சிரித்தோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, நீங்களும் அதில் குற்றம் காண வேண்டாம். இருபது வயதில் உடம்பு சிரிக்கக் கேட்கும்.

கரண்ட் இல்லாத இரவுகளில் நாலு பேருக்கு ஒரு லாம்பு. மண்ணெண்ணெய் விலை ஏறினால் ஆறு பேருக்கு ஒன்று. ஒருவன் சத்தமாக வாசிப்பான், மற்றவர்கள் கேட்டு மனப்பாடம் செய்வோம். அப்படிப் படித்த பாடங்களை நினைத்தால் இன்றைக்கும் எழுத்து நினைவுக்கு வராது, வாசித்தவனின் குரல்தான் வரும். போட்டோக்கொப்பி எடுக்கக் காசில்லை. ஒரு நோட்டைக் கையால் எழுதி, அதைப் பார்த்து இன்னொருவன் எழுதி, ஐந்தாவது ஆளிடம் போகும்போது விஞ்ஞானப் பெயர்கள் உருமாறியிருக்கும். பரீட்சைத் தாளில் ஒரே பிழையை ஆறு பேர் எழுதி வைத்திருந்தோம். ஆசிரியர் எங்களை வரிசையாக எழுப்பிவிட்டு, யாருடையது மூலப்பிரதி என்று கேட்டார்.

ஆச்சியின் சாப்பாட்டை எழுதாமல் விட முடியாது. ஆற்று மீன் கிடைத்தால் குழம்பு, கிடைக்காவிட்டால் முருங்கையிலைச் சுண்டலும் தயிரும். வாடகை இரண்டு மாதம் பிந்தினாலும் கேட்க மாட்டார். வீட்டில் இருந்து நெல்லுக் கொண்டுவந்து கொடுத்தால் கணக்குச் சரி. நாங்கள் ராத்திரி வர நேரமானால் படலையில் நிற்பார். "மறுகா என்னத்துக்கு இப்பிடிப் பிந்தி வாறீங்க" என்று ஏசுவார். அந்த ஏச்சில் என்ன இருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. முகாமில் வரிசை போட்டதை அவர் கண்ணால் கண்டவர். ஒவ்வொரு நாளும் தன் வீட்டுப் பொடியன்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார்.

1995 ஜனவரியில் யுத்த நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் போய்விட்டது. நூறு நாள். அந்த நூறு நாளும் எங்கள் முழுப் பல்கலைக்கழக வாழ்க்கைக்குச் சமம். ராத்திரி எட்டு மணிக்கு றோட்டில் நடக்கலாம்! பாசிக்குடாவுக்கு ஒரு கூட்டமாகச் சைக்கிளில் போனோம். எங்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் தடவை. கிட்ட இருந்தும் கண்டதில்லை. கழுத்தளவு தண்ணீரில் அரை மைல் நடக்கலாம் என்று சொல்லிக் கேட்டிருந்தோம், நடந்து பார்த்தோம். கூத்தும் அப்போதுதான். பேராசிரியர் மௌனகுரு நுண்கலைத்துறையில் இருந்தார். கூத்துப் பழக்கும் ஊர் அண்ணாவிமாரும் வளாகத்துக்குள் வந்து போனார்கள். வடமோடித் தாளக்கட்டு மத்தளத்தில் விழுந்தால் நாங்கள் விஞ்ஞான பீடத்தில் இருந்து எழும்பி ஓடுவோம். என் அப்பாவின் ஊரில் களரியில் விடிய விடிய ஆடிய அதே ஆட்டத்தை ஒரு பேராசிரியர் படிக்க வேண்டிய விசயமாக எங்களுக்குக் காட்டினார். அப்பாவைப் பற்றி எனக்கு இருந்த எண்ணமே அதற்குப் பிறகு மாறியது.

இவ்வளவும் உண்மை. ஆனால் "எங்கட காலம் மாதிரி வருமா" என்று நான் சொல்ல மாட்டேன். உங்களிடம் அப்படிச் சொல்பவர்களுக்குத் தங்களுடைய இருபது வயது திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அது எல்லோருக்கும் உள்ள ஆசை, குறை சொல்ல முடியாது. எனக்குக் கோபம் வருவது அடுத்த வசனத்தில். "கஷ்டப்பட்டுப் படிச்ச எங்களுக்குத்தான் படிப்பின்ட பெறுமதி தெரியும், இப்பத்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்" என்பார்கள். 2020இல் பல்கலைக்கழகங்களை மூடி வைத்திருந்தபோது, சிக்னல் தேடி வீட்டுக் கூரையில் ஏறி இருந்து போனில் விரிவுரை கேட்ட பிள்ளைகளை நான் பார்த்தேன். 2022இல் பெற்றோல் வரிசையில் தகப்பன் நிற்க, பஸ் இல்லாமல் பத்துக் கிலோமீற்றர் சைக்கிளில் வந்த பிள்ளைகளையும் பார்த்தேன். நாங்கள் பட்டதைப் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்பது முறையில்லை. அதற்கும் மேலே, அந்தப் பதக்கத்தில் 158 பேரின் பங்கு இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் உயர்தரம் எழுதிவிட்டு இருந்தார்களோ. அவர்களுக்குக் கிடைக்காத இருபது வயதை வைத்துக்கொண்டு நாங்கள் பெருமை பேசக்கூடாது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் கேட்காதது. எங்கள் வகுப்பில் முஸ்லிம் மாணவர்கள் அநேகமாக இல்லை. உயர்தர ரியூசனில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் காத்தான்குடி நண்பன். இரசாயனவியலில் எனக்குச் சொல்லித்தந்தவன் அவன்தான். 1990 ஆகஸ்டில் அவன் மாமாவை அந்தப் பள்ளிவாசலில் இழந்தான். அதற்குப் பிறகு வந்தாறுமூலைக்கு வந்து படிக்க அவனுக்கு மனமும் இல்லை, பாதையும் இல்லை. அவனைப் போன்ற எத்தனையோ பேர் படிப்பை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். 1995 ஒக்டோபரில் தென்கிழக்கில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, அடுத்த வருடம் அது பல்கலைக்கழகம் ஆனது, ஒலுவிலில் வளர்ந்தது. அம்பாறைக் கரைக்கு ஒரு பல்கலைக்கழகம் வந்தது நல்ல விசயம்தான். ஆனால் அது எந்தக் காயத்தில் இருந்து முளைத்தது என்பதை நாங்கள் மறந்தால் பிழை. மாதத்துக்கு இரண்டு தரம் காத்தான்குடியைக் கடந்து பஸ்ஸில் போனேன். நண்பன் வீட்டு ஒழுங்கை முகப்பு ஜன்னலால் தெரியும். இறங்கவில்லை. இறங்கி என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது ஒரு சாட்டு. "நான் கேள்விப்பட்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். 2003இல்தான் போனேன். அவன் கதவைத் திறந்து, "இவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டான். தேத்தண்ணி வந்தது. நாங்கள் நண்பர்களாகத்தான் இருக்கிறோம். அந்தப் பதின்மூன்று வருடத்தை இரண்டு பேரும் தொடுவதில்லை.

கொண்டுபோன 158 பேரைப் பற்றிப் பேசும் தமிழர்கள் காத்தான்குடியையும் ஏறாவூரையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒன்றை மற்றதால் நிறுத்துப் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே பஸ் பாதையில், ஒரே இரண்டு மாதத்தில் நடந்தவை இவை.

2006 டிசம்பர் 15ஆம் திகதி எங்கள் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் காணாமல் போனார். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், பட்டப்பகலில். அவரும் திரும்பவில்லை. அப்போது நான் ஒரு பாடசாலையில் ஆசிரியர். செய்தி வந்த நாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் பத்திரிகையைப் பார்த்தோம், மடித்து வைத்தோம், வகுப்புக்குப் போனோம். வரவு இடாப்பைத் திறக்கும்போதுதான் எனக்கு அந்த விலங்கியல் வகுப்பு ஞாபகம் வந்தது. முதலாம் வருடத்தில் படித்த பாடம் அவ்வளவு ஆழமாகப் படிந்திருந்தது.

இனி, என் கட்டுரையில் அந்த வரி ஏன் இல்லை என்ற கேள்வி. இதுவரை சொன்னவை எல்லாம் பட்ச்சுக்குப் பொதுவானவை. இது என்னுடையது.

1994 கடைசியில் புது அரசாங்கம் காணாமல் போனவர்களை விசாரிக்க ஆணைக்குழுக்களை நியமித்தது. வடக்கு கிழக்குக்கு ஒன்று. அதற்கு முறைப்பாடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் எழுதத் தெரிந்த ஆளைத் தேடினார்கள். ஆச்சி என்னைக் காட்டிவிட்டார். மாவடிவேம்புப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா வந்தார். சொப்பிங் பையில் ஒரு படம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், முன்பு யாரோ எழுதிக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள். மகனைக் கொண்டுபோனது செப்டெம்பர் 5.

திண்ணையில் இருந்து எழுதினேன். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், கொண்டுபோகும்போது உடுத்திருந்தது. நீலக் கட்டம் போட்ட சாரம், வெள்ளை பெனியன். அந்த அம்மா இடையிடையே வேறு கதைகள் சொன்னார். மகன் எப்படி நடப்பான், என்ன சாப்பிடுவான், அன்று காலை என்ன நடந்தது. நான் பேனையை நிறுத்திவிட்டு, "அதெல்லாம் இதில எழுத ஏலாதம்மா, கேட்டதை மட்டும்தான் எழுதலாம்" என்றேன். அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சொன்னார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். ஒரு தாளில் முடித்துக் கொடுத்தேன். ஒரு கொத்து முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார், வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். பதில் வரவில்லை, இன்னொன்று எழுத வேண்டும். எனக்கு அடுத்த கிழமை பரீட்சை. படலை திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவர் என்று கண்டதும் பின்பக்கத்தால் இறங்கிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். ஆச்சி என்னைக் கூப்பிட்டார். நான் வாய் திறக்கவில்லை. "பொடியன் எங்கேயோ போயிட்டான் போல, இரிங்க கா" என்று ஆச்சி சொல்வது கேட்டது. அவர் ஒரு மணித்தியாலம் போல இருந்தார். நான் அவ்வளவு நேரமும் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் இருந்தேன். போனபிறகு ஆச்சி பின்னால் வந்து என்னைப் பார்த்தார். ஏசவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு போட்டுவிட்டு, வழக்கமாகப் பக்கத்தில் இருப்பவர், இருக்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா அதற்குப் பிறகு வரவில்லை. அந்தப் பரீட்சையில் நான் நல்ல புள்ளி எடுத்தேன்.

அந்தக் கட்டுரையை எழுதும்போது கிணற்றடி வரைக்கும் வந்தேன் மகள். வந்து, திரும்பிப் பாசிக்குடாவுக்குப் போய்விட்டேன். உங்கள் அம்மம்மா "அங்கயா" என்று கேட்டதை வாசித்த பிறகு அப்படித் திரும்ப முடியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? அம்மம்மா சம்மதித்தால் அவர் தம்பியைப் பற்றி அவரிடம் கேளுங்கள். கொண்டுபோன நாளைப் பற்றிக் கேட்க வேண்டாம். அதை ஆணைக்குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டன. அவர் எந்தப் பந்தியில் இருந்து எப்படிச் சாப்பிடுவார், யாரோடு சண்டை பிடிப்பார், நீந்தத் தெரியுமா, என்ன பாட்டுப் பாடுவார் என்று கேளுங்கள். அம்மம்மா எழும்பிப் போனால் விட்டுவிடுங்கள், திரும்பி வந்தால் இருங்கள். பேனையோடு இருங்கள். படிவத்தில் இடமில்லாததை எல்லாம் எழுதுங்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி சொந்தக்காரர்கள் வாசலில் விளக்கேற்றும்போது நானும் வருவேன். முப்பது வருடத்துக்கு மேல் பிந்தி வருகிறேன். அம்மம்மா வர விரும்பினால் செங்கலடியில் இருந்து ஓட்டோ நான் ஒழுங்கு செய்கிறேன். விரும்பாவிட்டால் நீங்கள் எழுதியதைக் கொண்டுவாருங்கள்.

என் பங்குக்கு, அந்த மாவடிவேம்பு அம்மா இரண்டு தரம் சொல்லியும் நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். மகனுக்கு அன்று காய்ச்சல். முதல் நாள் இரவில் இருந்தே காய்ந்துகொண்டிருந்தது. காலையில் மரத்தடியில் மூன்று கல் வைத்து மல்லித்தண்ணி கொதிக்கவைத்தார். வரிசைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டபோது அது இன்னும் ஆறவில்லை. "வந்து குடிக்கிறன், மூடி வைங்க அம்மா" என்று சொல்லிவிட்டு மகன் எழும்பிப் போனான். அவர் மூடி வைத்தார்.